நெவில் ட்ரான்டர் டேஷ்போர்டை மாட்டாத காரணம்

இங்கிலாந்தில் நனீட்டன் பக்கத்தில் ஓர் ஆண்பிள்ளை இன்னோர் ஆண்பிள்ளையைப் பார்ப்பதற்கென்று அவன் வீட்டுக்குப் போவது வழக்கமில்லை. அவனுடைய காரைப் பார்க்கப் போகலாம். அதிலும் கார் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் போக முகாந்திரமில்லை. சாலையில் எதிரே வரும்போது ஸ்டீயரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்கினால் போதும். வணக்கம், சௌக்கியமா, வீட்டில் எல்லாரும் நலமா எல்லாம் அந்த விரலுக்குள் அடக்கம். கார் படுத்துவிட்டதென்றால் சங்கதி வேறு. பத்து மைல் தள்ளியிருப்பவர்கூட ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் வந்து நிற்பார். மனுஷன் படுத்தால் தபாலில் ஓர் அட்டை வரும்.

நெவில் ட்ரான்டர் இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் காணாமல் எழுபது வயதைத் தாண்டியவர். நகரசபையின் தெருவிளக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே வெளிச்சம் போட்டவர் என்றாலும் அதற்காக யாரிடமும் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. எந்தக் கம்பம் அணைந்திருக்கிறதென்று போனில் சொல்வார்கள், இவர் ஆளை அனுப்புவார், எரியும். வீட்டில் பேச்சை டோரீன் பார்த்துக்கொண்டாள். அக்கம்பக்கம், உறவு, கிறிஸ்துமஸ் அட்டை, பல் டாக்டரிடம் நேரம் கேட்பது எல்லாம் அவள் இலாகா. இவருடைய இலாகா கார்.

அது கரும்பச்சை நிறத்தில், இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடித்துவிடக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். எழுபதுகளில் பக்கத்துக் கோவென்ட்ரியில் செய்தது. எப்போது பார்த்தாலும் தூறுகிற ஊர். அந்த ஊர்க்காரர்கள்தான் கூரையில்லாத காரை விழுந்து விழுந்து செய்தார்கள். ஏனென்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை. உள்ளே ஏறி உட்கார்ந்தால் கண்ணெதிரே வால்நட் மரப் பலகை, அதில் வட்ட வட்டமாக மீட்டர்கள். வேகம், எஞ்சின் சுற்று, எண்ணெய் அழுத்தம், சூடு, பெட்ரோல். ஓரத்தில் ஒரு கடிகாரம். "இதுல உண்மை பேசறது கடிகாரம் ஒண்ணுதான். அது நின்னுபோச்சு, நின்னுபோச்சுன்னு ஒத்துக்குது" என்பாள் டோரீன்.

டோரீன் ஒரு ஜனவரி மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். அடக்கத்துக்கு, நெவில் சேர்ந்திருந்த பழைய கார்க்காரர்கள் சங்கம் முழுக்க வந்தது. வண்டிகளெல்லாம் துடைத்து, மெருகு போட்டு, தேவாலய வாசலில் வரிசையாக நின்றன; இறந்தவள் பார்த்திருந்தால் கல்யாண ஊர்வலம் என்று நினைத்திருப்பாள். ஒவ்வொருவராக வந்து கையைக் குலுக்கினார்கள். "ஏதாச்சும் வேணும்னா சொல்லு, நெவில்." அதற்கு என்ன அர்த்தமென்று நெவிலுக்குத் தெரியும். அவரும் எத்தனையோ சாவு வீட்டில் அதையே சொல்லிவிட்டு வந்தவர்தான். ஒருத்தரும் எதுவும் வேண்டுமென்று சொல்லி அனுப்பியதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர்கள் லசானியா செய்து வாசற்படியில் வைத்து, மணியை அடித்துவிட்டு, கதவு திறப்பதற்குள் ஓடிவிட்டார்கள். நெவில் சாப்பிட்டார், பாத்திரத்தைக் கழுவினார், அவர்கள் வாசற்படியில் வைத்து, மணியை அடித்துவிட்டு, இவரும் ஓடிவந்துவிட்டார். மரியாதை இரண்டு பக்கமும் குறைவின்றி நடந்து முடிந்தது. அதன் பிறகு அந்தக் கதவு மணியை அடித்தது பார்சல்காரன் மட்டும்தான்.

சங்கம் மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் ஒரு பப்பின் பின்புறத் திடலில் கூடும். நெவில் விடாமல் போனார். செயலாளர் ரோலண்ட் பூ என்று ஒருவர், தாடிக்காரர், கையில் எப்போதும் பாதிக் கிளாஸ் பீர், கேட்பார்:

"ஓடுதா?"

"ஓடுது."

"சந்தோஷம்."

முடிந்தது. ரோலண்ட் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். அங்கே ஒரு கிளட்ச் கெட்டுப்போன பாக்கியசாலியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்கள். நெவில் தன் காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்புவார். வீட்டில் ரேடியோ இருந்தது. அதோடு வாய்விட்டு வாதம் செய்யத் தொடங்கியிருந்தார். எதிர்த்தரப்பு மட்டும் ஒருநாளும் பதில் சொல்வதாகக் காணோம்.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. ஒரு ஏப்ரலில், ஊருக்குள் ரவுண்டானாவில் திரும்பும்போது டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது. ஒயர் பொசுங்குகிற நாற்றம். நெவில் ஓரங்கட்டி, பேட்டரியைப் பிடுங்கிவிட்டு, லாரியில் வண்டியை வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். அடுத்த கூட்டத்துக்கு பஸ்ஸில் போனார்.

"ஓடுதா?" என்றார் ரோலண்ட்.

"இல்ல. டேஷ்போர்டுக்குப் பின்னால புகைஞ்சுது."

திடல் முழுக்கத் திரும்பியது. அப்படிச் சொன்னால் மிகை என்று நினைப்பவர்கள் அந்த ஊருக்கு வந்து பார்க்க வேண்டும். கிளட்ச் கெட்டுப்போனவரே தன் வண்டியை விட்டுவிட்டு வந்தார். லைட் சுவிட்ச் என்றார் ஒருவர். சுவிட்சாவது மண்ணாவது, எர்த் ஒயர் என்றார் இன்னொருவர். பப்பில் கிளாஸ் பொறுக்குகிற அம்மாகூட நின்று, "பாவம் கண்ணு, நல்ல வண்டி" என்று நெவிலின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். டோரீன் செத்தபோது அந்த அம்மா, "பாஸ்தாவா, சிப்ஸா?" என்று மட்டும்தான் கேட்டிருந்தார்.

"யோவ், தனியா எதையும் தொட்டுத் தொலைக்காதே" என்றார் க்ளைவ் பெடோஸ். சங்கத்தில் மின்வேலைக்குக் கைராசிக்காரர். பள்ளிக்கூடத்தில் பூகோளம் கற்றுக்கொடுத்தவர், ஆனால் அவருக்கு ஒரு ஒயர் எங்கிருந்து எங்கே போகிறதென்று பார்ப்பதில்தான் மனசு. "சனிக்கிழமை காலையில வரேன். டீ மட்டும் போட்டு வை."

சனிக்கிழமை வந்தார். நெவிலின் ஷெட் சமையலறையை ஒட்டினாற்போல இருந்தது. நடுவே ஒரு கதவு. க்ளைவ் வண்டிக்குள் தலையை விட்டார், மோந்து பார்த்தார், "முழுசா வெளிய எடுத்துடணும்" என்றார். நெவிலுக்கு உள்ளே ஏதோ இளகியது. பல்பு ஒன்று மாற்றினால் போதும் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தார்.

டேஷ்போர்டு கழற்றுவது முகத்தைக் கழற்றுகிற மாதிரி. வெளியிலிருந்து பார்த்தால் நாலு ஸ்க்ரூதான். உள்ளே போனால் ஸ்பீடோமீட்டர் கேபிளைக் கண்ணை மூடிக்கொண்டு கையாலேயே தேடித் திருகி எடுக்க வேண்டும். எண்ணெய் அழுத்த மீட்டருக்குச் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு குழாய் வருகிறது. அதை வளைத்துவிட்டால் ஒடிந்துபோகும், ஒடிந்தால் கால்சட்டையெல்லாம் எண்ணெய். ஒவ்வொரு மீட்டரையும் பலகையோடு இறுக்கிப் பிடிப்பது பின்னாலிருக்கும் ஒரு வளைந்த தகடும் விரலால் திருகுகிற ஒரு பித்தளை நட்டும். செய்தவன் அந்த இடத்தில் தன் கையை வைத்துப் பார்த்தானா என்பது சந்தேகம். க்ளைவ் காலை மேலே சீட்டில் போட்டு, தலையைக் கீழே பெடலுக்கருகே வைத்து, வௌவால் போலத் தொங்கிக்கொண்டு வேலை செய்தார். நெவில் டார்ச்சைப் பிடித்தார், ஒவ்வொரு ஒயரிலும் பிளாஸ்திரி ஒட்டி எழுத்துப் போட்டார்.

"டார்ச்சை என் மேல அடிக்காதேய்யா, ஒயர் மேல அடி. நான் அவ்வளவு அழகில்ல."

"உன் தலை குறுக்க வருது."

"அதைக் கழற்றி வைக்க ஸ்பானர் கொண்டுவரலே."

பலகை வெளியே வந்தது. அதற்குப் பின்னாலிருந்த தூசியில் ஒரு பெப்பர்மின்ட், பழைய வாகன நிறுத்தச் சீட்டு, ஒரு கொண்டை ஊசி. க்ளைவ் ஊசியை எடுத்து நெவிலின் வழுக்கையைப் பார்த்தார்.

"உன்னோடதா?"

இரண்டு பேரும் சிரிக்கப் போனார்கள். பாதியில் இருவருக்கும் அது யாருடையதென்று உறைத்தது. க்ளைவ் ஊசியை நெவிலின் உள்ளங்கையில் வைத்தார். ஏதோ சொல்ல வருகிறவர் போலத் தொண்டையைச் செருமினார். "எர்த் ஒயர்தான்னு நினைக்கிறேன்" என்றார்.

எர்த் ஒயர்தான். மத்தியானத்துக்குள் புதிசு போட்டுவிட்டார். அடுத்த வாரம் பலகையைத் திரும்ப மாட்டினால் வேலை தீர்ந்தது. நெவில் பலகையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மேலே ஒட்டியிருந்த மெல்லிய வால்நட் மரத்தகடு ஒரு மூலையில் லேசாக எழும்பியிருந்தது. எத்தனையோ வருஷமாக எழும்பித்தான் இருந்தது.

"கழற்றினது கழற்றியாச்சு" என்றார் நெவில். "அப்படியே இதையும்..."

அந்த ஊரில் இந்தச் சொல்லுக்கு மறுப்பே கிடையாது. கழற்றினது கழற்றியாச்சு என்று தொடங்கிப் பல்பு மாற்றப் போனவர்கள் எஞ்சினைத் தரையில் இறக்கியிருக்கிறார்கள், கல்யாணங்கள்கூட முறிந்திருக்கின்றன. க்ளைவ் மனப்பூர்வமாகத் தலையாட்டினார். "அதானே. இப்ப விட்டா எப்ப?"

ஆக, பழைய தகடு உரிக்கப்பட்டது. புதுத் தகடு ஒட்டப்பட்டது. வார்னிஷ் பூசினார்கள், தேய்த்தார்கள், பூசினார்கள். கழற்றினது கழற்றியாச்சு என்று ஹீட்டர் வெளியே வந்தது. அதற்குப் பிறகு கண்ணாடிக்குக் காற்று போகிற குழாய்கள். நின்றுபோன கடிகாரத்தைக்கூட ஓடவைத்தார்கள். வேனிற்காலம் முழுக்க சனிக்கிழமை தவறாமல் க்ளைவ் வந்தார். ரோலண்ட் இரண்டு தடவை வந்து, ஒரு பல்பைக் கொடுத்து, வேலை சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நெவில் வெள்ளிக்கிழமையே பிஸ்கட் வாங்கிவைத்தார். ரேடியோவோடு வாதம் குறைந்தது. சனிக்கிழமைக்காகப் பேச்சைச் சேர்த்துவைக்க வேண்டியிருந்தது. பேச்சென்றால் பெரிதாக ஒன்றுமில்லை. "அந்த டீயை எங்க வச்சே?" "உன் முழங்கைகிட்ட." "தட்டிட்டேன்." அதுவே போதுமானதாக இருந்தது.

செப்டம்பரில் கழற்ற ஒன்றும் மிச்சமில்லை. பலகை கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு போர்வையின்மேல் படுத்திருந்தது. "அடுத்த வாரம் மாட்டிடலாம்" என்றார் க்ளைவ், கையைத் துடைத்துக்கொண்டே. "மூணு மணி நேர வேலை."

அந்த வாரம்தான் நெவில் அதைச் செய்தார். மீட்டர்களை இறுக்கும் பித்தளை நட்டுகள் ஒரு சின்ன டப்பியில் இருந்தன. அதிலிருந்து மூன்றை எடுத்துச் சமையலறைக்குக் கொண்டுபோய் அலமாரியின் மேல்தட்டில் டோரீனின் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டார். களவு என்று அவருக்குத் தோன்றவில்லை. தன் வீட்டில் தன் காரின் தன் நட்டு.

"மூணு குறையுதே" என்றார் க்ளைவ் சனிக்கிழமை.

"உருண்டிருக்கும்."

இரண்டு பேரும் மண்டியிட்டுத் தரையைத் துழாவினார்கள். நெவில் மிகவும் சிரத்தையாகத் துழாவினார். பெஞ்சுக்கு அடியில் காந்தத்தைக்கூட விட்டுப் பார்த்தார். பித்தளையைக் காந்தம் இழுக்காதென்று க்ளைவ்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த நட்டின் மரை கடையில் கிடைக்கிற எதிலும் ஒட்டாது. வேறு நட்டைப் போட்டால் ஆயிற்று என்று மற்ற ஊரில் சொல்வார்கள். இங்கே சொன்னால் சங்கத்தை விட்டே தள்ளிவைத்துவிடுவார்கள். பின்னாலிருக்கிற, யார் கண்ணிலும் படாத நட்டானாலும் அந்தக் காலத்து நட்டாகவே இருக்க வேண்டும். க்ளைவ் அதைத் தன் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். ஊர் ஊராகப் போன் செய்தார். ஸ்டாஃபோர்டில் பழைய உதிரிச் சாமான் சந்தை கூடுகிறதென்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிறு கொட்டுகிற மழையில் போய், சேறு படிந்த மேசைகளின் அடியிலிருந்த தகர டப்பாக்களைக் குடைந்து, நாலு நட்டு வாங்கிவந்தார். இரண்டு சேர்ந்தன. இரண்டு சேரவில்லை.

"இன்னும் ஒண்ணுதான் பாக்கி" என்றார். தும்மினார். "வீட்டுல பெரில் என்கூடப் பேசறதில்ல. அன்னிக்குத்தான் பேத்திக்கு நீச்சல் போட்டி. ரெண்டாவதா வந்தாளாம். நான் தகர டப்பாவுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருந்தேன்."

நெவில் வாயைத் திறந்தார். அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். டப்பா பத்தடி தள்ளி, கதவுக்கு அந்தப் பக்கம். அவர், "சர்க்கரை போடட்டுமா?" என்றார்.

அடுத்த சனிக்கிழமை க்ளைவ் இன்னொருவரிடமிருந்து கடைசி நட்டையும் சம்பாதித்துக்கொண்டு வந்துவிட்டார். மாட்டத் தொடங்கினார்கள். க்ளைவுக்கு முதுகு பிடித்திருந்ததால் இம்முறை நெவில்தான் தலைகீழாகத் தொங்கினார். பலகை பாதி உட்கார்ந்த நிலை. ஒரு கையால் எண்ணெய் மீட்டரையும் இன்னொரு கையால் அந்தச் சன்னக் குழாயையும் தாங்கிப் பிடித்திருந்தார்.

"அப்படியே பிடிச்சுக்க" என்றார் க்ளைவ். "இன்னிக்கு டீ நான் போடறேன்."

"வேண்டாம், நானே வரேன்."

"விட்டா குழாய் ஒடியும். அசையாதே."

நெவில் அசையவில்லை. பெடல்களுக்கு நடுவே தலை, கூரையை நோக்கிக் கால்கள், இரண்டு கையும் மாட்டிக்கொண்ட நிலையில் சமையலறையை முழுக்கக் காதாலேயே பார்த்தார். கெட்டிலில் தண்ணீர் விழுகிறது. ஃபிரிட்ஜ் கதவு. கோப்பை. பிஸ்கட் எப்போதும் கீழ்த்தட்டில் காகிதப் பொட்டலமாக இருக்கும். நேற்றைக்கு வாங்க மறந்திருந்தார்.

"பிஸ்கட் எங்கய்யா?"

"இல்ல. தீர்ந்துபோச்சு. இன்னிக்கு வேண்டாம், க்ளைவ்."

மேல்தட்டுக் கதவு திறந்தது. தகர மூடி டொக்கென்று கழன்றது. காலி டப்பாவுக்குள் பித்தளை உருண்டால் எப்படிச் சத்தம் கேட்குமோ அப்படிக் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. கெட்டில்கூடக் கொதித்து நின்றுவிட்டிருந்தது.

க்ளைவ் திரும்பி வந்தார். டீயை நெவிலின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார். குனிந்து மீட்டருக்குப் பின்னால் கையை விட்டு நட்டைத் திருகினார். அடுத்தது. அடுத்தது. மூன்றும் டப்பாவிலிருந்த நட்டுகள்தான். தான் வாங்கிவந்தவற்றைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை நெவில் கீழேயிருந்து பார்த்தார்.

அதற்குப் பிறகு வேலை பயங்கர வேகமாக நடந்தது. க்ளைவ் திருப்புளி வேண்டுமென்றால் "திருப்புளி" என்றார். அவ்வளவுதான். பேட்டரியை இணைத்து, சாவியைத் திருப்பி, எல்லா விளக்கும் எரிவதைப் பார்த்தார். எஞ்சின் முதல் தடவையிலேயே பற்றிக்கொண்டது. அன்றைக்கென்று அது ஒரு இருமல்கூட இருமவில்லை.

"சரி" என்றார் க்ளைவ். "முடிஞ்சுது." பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபரில் சனிக்கிழமைகள் வழக்கம்போல வந்தன. நெவில் ஷெட்டுக்குள் போய் விளக்கைப் போட்டு டேஷ்போர்டைப் பார்ப்பார். அவ்வளவு அழகான டேஷ்போர்டு அந்த வட்டாரத்திலேயே கிடையாது. எல்லா முள்ளும் எதைக் காட்ட வேண்டுமோ அதைக் காட்டின. ஓட்டிக்கொண்டு போக இடம்தான் இல்லை. ஒரு தடவை சும்மா கடற்கரை வரைக்கும் போகலாமென்று கிளம்பி, டோரீன் எப்போதும் சிறுநீர் கழிக்க நிறுத்தச் சொல்லும் பெட்ரோல் பங்க்கில் தானாக நிறுத்தி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, வண்டியைத் திருப்பிவிட்டார்.

நவம்பர் முதல் ஞாயிறு சங்கக் கூட்டத்துக்கு அந்தக் காரிலேயே போனார். எல்லாரும் உள்ளே தலையை நீட்டிப் பார்த்தார்கள். ரோலண்ட் தாடியைத் தடவினார்.

"ஓடுதா?"

"ஓடுது."

"சந்தோஷம்." போய்விட்டார். நட்டு விஷயம் அவருக்குத் தெரியாதென்பது அவர் நடையிலேயே தெரிந்தது. க்ளைவ் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டவாவது நாலு பேர் வந்திருப்பார்கள்.

க்ளைவ் திடலின் மறுகோடியில் தன் காருக்குக் கூரையைப் போட்டுக்கொண்டிருந்தார். தூறல் ஆரம்பித்திருந்தது. நெவில் போய்ப் பக்கத்தில் நின்றார். கூரையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக் கொடுத்தார்.

"நட்டு தானா நடந்து அலமாரி ஏறியிருக்காது" என்றார் க்ளைவ், கூரையின் பொத்தானைப் பார்த்தபடி.

"இல்ல. நான்தான் வச்சேன்."

"நான் ஸ்டாஃபோர்டு போனேன், நெவில்."

"தெரியும்."

"கேவலம் மூணு நட்டுக்கு. பெரில் ஒரு வாரம் எனக்குத் தட்டே வைக்கல. ஏன்யா?"

நெவில் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவந்திருந்தார். அதில் ஒரு வார்த்தையும் இப்போது வரவில்லை. "மாட்டிட்டா நீ வர மாட்டே" என்றார்.

க்ளைவ் பொத்தானை அழுத்தினார். அது பொருந்தவில்லை. மறுபடி அழுத்தினார். "வான்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா, எதுக்குன்னு கேட்டிருப்பே."

க்ளைவ் நிமிர்ந்தார். கேட்டிருப்பார்தான், நியாயமான மனிதர், அதை மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. "வீட்டுல ரோஸ்ட் சாப்பாடு ஆறிடும்" என்று முனகிக்கொண்டு காருக்குள் ஏறினார். பெரில் மறுபடி தட்டு வைக்கத் தொடங்கிவிட்டாள் போலிருக்கிறது.

நெவில் ஜன்னலருகே குனிந்தார். அந்த வயதுக்கு அது எளிதான வேலை இல்லை. "சனிக்கிழமை வா, க்ளைவ்."

"என்ன கெட்டுப்போச்சு?"

"ஒண்ணும் கெடல."

க்ளைவ் அவரைப் பார்த்தார். வியாதி வந்த ஆளைப் பார்ப்பதுபோல. கியரைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நெவில் அந்த வாரம் பிஸ்கட் வாங்கவில்லை. வாங்கினால் வரமாட்டார் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொறுக்காமல் போய் வாங்கிவந்தார். சனிக்கிழமை காலையில் ஷெட் கதவைத் தூக்கிவிட்டு, குளிரில், எதையும் தொடாமல் நின்றார். ஒரு ஸ்பானரையாவது கையில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆசையாக இருந்தது. வைத்துக்கொள்ளவில்லை.

க்ளைவ் வந்தார். பழக்கதோஷத்தில் டிக்கியைத் திறந்து ஸ்பானர் பெட்டியை வெளியே எடுத்தார். ஒரு கணம் நின்று, திரும்ப உள்ளே வைத்தார். பெட்டி இல்லாமல் அவருடைய இரண்டு கைகளுக்கும் எங்கே போவதென்று தெரியவில்லை. பையில் விட்டுப் பார்த்தார், கட்டிப் பார்த்தார். ஷெட்டில் நாற்காலி கிடையாது. அங்கே யாரும் உட்கார வந்ததில்லை. கடைசியில் இருவரும் காருக்குள் ஏறி உட்கார்ந்தார்கள். நெவில் ஓட்டுநர் சீட்டில், க்ளைவ் டோரீன் சீட்டில். வெளியே மழை. வண்டி எங்கும் போகவில்லை.

டீயைக் குடித்தார்கள். டீ தீர்ந்தது. அந்த ஊரில் இரண்டு ஆண்பிள்ளைகள் வேலையில்லாமல் இப்படி உட்கார்ந்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஆம்புலன்சுக்குச் சொல்லியிருப்பார்கள். க்ளைவ் முழங்காலைத் தேய்த்தார். மீட்டர்களை இடமிருந்து வலமாகப் பார்த்தார், வலமிருந்து இடமாகப் பார்த்தார்.

"அந்த எண்ணெய் மீட்டர்" என்றார் மெதுவாக, "கொஞ்சம் சாஞ்சிருக்கோ?"

நெவில் பார்த்தார். மயிரிழைகூடச் சாய்வில்லை. அதை அவரே தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பிடித்து நிறுத்தியவர். ஆமாம் என்று சொன்னால் போதும். க்ளைவ் பெட்டியை எடுத்துவர எழுந்து ஓடுவார். பலகையை முழுசா வெளியே எடுத்தால்தான் கை போகும். எடுத்தது எடுத்தாச்சு என்று கிறிஸ்துமஸ்வரை போகும். க்ளைவின் கை கதவுப் பிடியில் ஏற்கெனவே இருந்தது.

"நேராத்தான் இருக்கு, க்ளைவ்."

"ம்."

கை பிடியை விட்டு இறங்க நேரம் பிடித்தது. ஆனால் இறங்கியது. மழை ஷெட் கூரைத் தகரத்தில் விட்டுவிட்டு அடித்தது. க்ளைவ் தொண்டையைச் செருமினார். நெவில் அடுத்து ஏதாவது ஒயரின் பெயர் வருமென்று எதிர்பார்த்தார்.

"டோரீனுக்கு..." என்றார் க்ளைவ். "கடைசியில ரொம்ப வலி இருந்துச்சா?"

அவர் நெவிலைப் பார்க்கவில்லை. பெட்ரோல் முள்ளைப் பார்த்துக் கேட்டார். நெவிலும் அதைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"முதல்ல இல்ல. கடைசி வாரம் இருந்துச்சு. கையைப் பிடிச்சா வலிக்குதுன்னா. பிடிக்கலேன்னா எங்க போனேன்னு கேட்டா. யாரும் இதைக் கேட்கல."

"கேட்டிருக்கணும். நாங்க வந்திருக்கணும்."

இந்த மாதிரிப் பேச்சுக்கு அங்கே ஒரே ஒரு பதில்தான் உண்டு: அதெல்லாம் பரவாயில்லை, நீ ஏன்யா கவலைப்படறே. பால்குடி மறந்த நாளிலிருந்து எல்லாருக்கும் அது நாக்கு நுனியில் இருக்கும். நெவிலின் நாக்கு நுனிக்கும் வந்தது.

"ஆமா" என்றார் நெவில். "வந்திருக்கணும்."

க்ளைவ் தலையை ஆட்டினார். எழுந்து போகவில்லை.